சிவப்புப் பூட்டு

அத்தியாயம் 14

குண்டூசிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பதினாறு வயது, காற்றடித்தால் பறக்கிற உடம்பு, எந்தப் பக்கம் தொட்டாலும் குத்துகிற வாய். பள்ளி விடுமுறையில் பத்து நாள் ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் பேசி வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அந்த நாய்க்குப் பட்டாளம் என்று பெயர். பெயர்தான் பட்டாளம், எழுந்து நிற்பதற்கே மூன்று முறை யோசிக்கிற கிழம். இந்த வாரம்தான் முதல்முறையாக வந்து உட்காருகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாய் பல் டாக்டரம்மாவுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். தங்கைகளோடு மலைப்பக்கம் சுற்றுலா கிளம்பியபோது, பெற்ற மகன் அடுத்த பிளாக்கிலேயே இருக்க, கீழ்த்தளத்து லிஃப்ட் மெக்கானிக்கின் மகளான குண்டூசியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பாதிச் சம்பளம் முன்பணம். ஃபிரிட்ஜ் கதவில் பதினோரு வரி எழுதி ஒட்டினார். கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில்: 'சந்தேகம் எதுவானாலும் மாலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிடு. வேறு யாரையும் கேட்காதே.'

அந்த மகனுக்கு இதில் மூக்கு உடைந்ததில் ஆச்சரியமில்லை. அவர் மூன்று பிளாக்குகளுக்கும் சேர்த்துக் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி வேறு. மெக்கானிக்குக்கு இருக்கும் ஒரே நிலையான வருமானம் இந்த மூன்று பிளாக் லிஃப்டுகளின் பராமரிப்பு ஒப்பந்தம். அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. செக்ரட்டரி தலையாட்டினால் உண்டு.

இன்றைக்கு ஏழாவது நாள், காலை பத்து மணி. சாப்பாட்டுக்குள் ஒளித்து வைத்த மாத்திரையை மட்டும் தனியாகப் பிரித்து, பளபளவென்று நக்கித் தரையில் வைப்பது பட்டாளத்தின் கைவந்த கலை. ஒரே மாத்திரையோடு மூன்றாவது தடவையாகக் குண்டூசி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கிரில் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. செக்ரட்டரி நின்றுகொண்டிருந்தார்.

"சாவியக் குடும்மா."

"எதுக்கு அங்கிள்?"

"இனிமே நான் பாத்துக்கறேன். உன் வேலை முடிஞ்சுது. பத்து நாளுக்கும் சேர்த்தே மீதிச் சம்பளம் இருக்கு, வாங்கிக்கோ." கம்பிகளுக்கு நடுவே ஒரு கவரை நீட்டினார்.

பட்டாளம் பக்கத்தில் வந்தாலே பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொள்கிற மனிதர் இனிமேல் பார்த்துக்கொள்கிறாராம். குண்டூசி கவரைத் தொடவில்லை.

"நீங்க எப்படிப் பாத்துப்பீங்க? அவன் எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான்னாவது தெரியுமா?"

செக்ரட்டரி பல்லைக் கடித்தார். பல் டாக்டர் பிள்ளைக்கு அந்தக் கெட்ட பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அதுக்குக் கிட்னி போயிடுச்சு. கண்ணு தெரியல. வீடு பூரா நனைக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாய் டாக்டர் வர்றார். ஒரே ஊசி, வலிக்காது, அப்படியே தூங்கிடும். அம்மா வந்ததும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இந்த வயசுல தனியா கிடந்தது போதும்."

பட்டாளம் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல், மாத்திரை ஒட்டிய மூக்கோடு அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னை வேலைக்கு வச்சது அவங்க. முடிஞ்சுதுன்னும் அவங்களே சொல்லட்டும். ஏழு மணிக்கு நான் போன் பண்ணிக் கேக்கறேன். அதுவரைக்கும் சாவி கிடையாது."

"ஆறு மணிக்கு வண்டி வருது."

"வரட்டும் அங்கிள். ஒரு மணி நேரம் நிக்கட்டும்."

"உங்க அப்பாகிட்ட பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். ஆனால் ஒரு விஷயத்தை அவள் வெளியே விடவில்லை. இரண்டு நாளாக ஏழு மணிக்குக் கூப்பிட்டால் டாக்டரம்மா எடுக்கவே இல்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செக்ரட்டரியிடம் தன் அம்மா வீட்டு மரக்கதவின் சாவி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் கிரில் கதவில் தொங்குவது சிவப்புப் பூட்டு. அதைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தது மெக்கானிக்தான். பழைய தாழ்ப்பாளைப் பட்டாளம் மூக்காலேயே தள்ளித் திறந்து, இரண்டாம் நாள் லிஃப்ட் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டதால் வந்த ஏற்பாடு. உள்ளே இருந்தாலும் குண்டூசி கம்பி வழியே கையை விட்டுப் பூட்டிக்கொள்வாள்.

லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அந்தப் பூட்டு கிட்டத்தட்ட உயிர் மாதிரி. ஒருவர் லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு தொங்கும். மாட்டியவர்தான் எடுக்கலாம், முதலாளியே வந்தாலும் வேறு யாரும் தொடக் கூடாது. மெக்கானிக்கின் இடது கைச் சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது. பூட்டு மாட்டாமல் அவசரப்பட்ட ஒரே ஒரு நாளின் கணக்கு அது.

ஆறு மாதத்துக்கு முன், அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் யாரோ பெரிய மனிதர் வருகிறார், லிஃப்டை உடனே ஓட்டியாக வேண்டும், குழியில் வேலை செய்பவன் எங்கேயோ டீ குடிக்கப் போயிருப்பான், அவன் பூட்டை வெட்டு என்றார் மேலாளர். மெக்கானிக் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் மனைவி அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த மனைவி மத்தியானம் மேலே வந்தார். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. கடைக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை, சாப்பாட்டு நேரத்தில் அப்படியே வந்திருந்தார்.

"செக்ரட்டரி கடைக்கே வந்துட்டார்டி. வரிசையில நிக்கிற அத்தன பேர் முன்னாடி, உங்க பொண்ணுக்குப் புத்தி சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறார்."

"நீ என்ன சொன்ன?"

"சில்லறை இருக்கான்னு கேட்டேன். வேற என்ன சொல்லச் சொல்ற?" அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சாவியக் குடுத்துடு. நாய் அவங்களோடது, ஊசியும் அவங்க போடறாங்க. நடுவுல நீ யாரு?"

"காசு வாங்கினவ."

"அந்தக் காசத் திருப்பிக் குடு."

"ஆறு நாள் இவன் மூத்திரத்தத் தொடச்சிருக்கேன்மா. அத யாரு எனக்குத் திருப்பிக் குடுப்பா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்து அதை அமுக்கிவிட்டது. குண்டூசி தன் நோட்டை எடுத்துக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள். தினமும் பட்டாளம் எத்தனை வாய் தின்றது, எத்தனை முறை எழுந்தது, எப்போது வாலாட்டியது என்று நேரத்தோடு எழுதியிருந்தாள்.

"பாரு. நேத்து ரெண்டு வேளையும் சாப்பிட்டான். முந்தாநாள் ஒரு மாடி ஏறினான். நடுவுல மூணு தடவ உக்காந்தான், ஆனா ஏறினான்."

அம்மா நோட்டைப் பார்க்காமல் தரையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். தினமும் நூறு அட்டைகளைக் கத்தரிக்கிற கண் அது.

"இந்த மாத்திரை குணமாக்காது. கொஞ்ச நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்."

"எனக்கும் தெரியும். அவன் போகப் போறான்னு எனக்கும் தெரியும்மா. ஆனா யாருமில்லாத வீட்டுல, அவனுக்குப் பிடிக்காத ஒரு ஆள் கையில, அவசர அவசரமா போகணுமா? அவங்க வர்ற வரைக்கும் பாத்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்படியே உங்க அப்பா," என்றார் அம்மா. அந்த வீட்டில் ஆறு மாதமாக அது பாராட்டு இல்லை.

பட்டாளம் தடுமாறி எழுந்து வந்து, கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி, மருந்து வாசனை அடிக்கும் கோட்டை மெதுவாக முகர்ந்தது. அம்மா கையை எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கொண்டுவந்த டிபன் பாக்ஸைக் கம்பி வழியே சாய்த்து உள்ளே தள்ளிவிட்டுப் படியிறங்கினார். குடு என்று சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை, இரண்டாம் தடவை சொல்லவும் இல்லை.

ஆறு மணிக்குக் கீழே கார் வந்து நின்றது. நாய் டாக்டர் காரிலேயே இருந்துகொண்டார். செக்ரட்டரி மட்டும் மேலே வந்தார். பின்னாலேயே மெக்கானிக், தோளில் சாமான் பை. அவருக்குப் பின்னால் நாலு படி தள்ளி அம்மா.

அப்பாவின் பையிலிருந்து நீளமாக வெளியே தெரிந்த கைப்பிடிகளைக் குண்டூசி அடையாளம் கண்டுகொண்டாள். இரும்பு வெட்டுகிற கட்டர். செக்ரட்டரி வந்து நின்றதுகூட அவளை இவ்வளவு பயமுறுத்தவில்லை.

"உங்க பூட்டுதானே மெக்கானிக்," என்றார் செக்ரட்டரி. "ரெண்டு நிமிஷ வேலை. வெட்டுங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல உங்களுக்கு நல்லபடியா பேசலாம்னு இருக்கேன்."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, குழியின் விளிம்பில் நின்று உள்ளே இருப்பவரைக் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"உள்ள வேலை நடக்குதா?"

குண்டூசிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்தாள்.

"நடக்குதுப்பா."

"நடக்குதாம் சார்," என்றார் மெக்கானிக், பூட்டை விட்டுவிட்டு. "என் பூட்டுதான். மாட்டினது அவ. அவ எடுக்காம நான் தொட முடியாது."

"விளையாடறீங்களா? இது லிஃப்டா?"

"பூட்டு அதேதான் சார்."

செக்ரட்டரி குண்டூசியின் அம்மாவிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க குடும்பத்துக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஏழு மணி ஆகட்டும் சார்," என்றார் அம்மா, படியில் உட்கார்ந்துகொண்டு. "இன்னும் கொஞ்ச நேரம்தானே."

அப்படி நாலு பேரும் ஒரு நாயும் காத்திருந்தார்கள். கீழே நாய் டாக்டர் ஹாரன் அடித்தார். இரண்டாம் தடவை அடித்தபோது செக்ரட்டரி ஜன்னல் வழியே கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

சரியாக ஏழு மணிக்குக் குண்டூசி தன் போனில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள், அதுவும் ஓய்ந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"சிக்னல் இல்ல போலிருக்கு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அப்படியா?" செக்ரட்டரி தன் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"முடிஞ்சுதாடா?" என்றது டாக்டரம்மாவின் குரல். அழுது ஓய்ந்த குரல். "கஷ்டப்பட்டானா?"

குண்டூசிக்கு யாரோ நடு முதுகில் அறைந்த மாதிரி இருந்தது. நாள் முழுக்க யாருக்காக ஒற்றைக் காலில் நின்றாளோ அவரேதான் ஊசிக்குச் சரி என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, இரண்டு நாளாக அவளுடைய போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

"இப்ப போதுமா?" என்றார் செக்ரட்டரி. வெற்றி பெற்றவர் மாதிரிகூடச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். "அவங்க கேட்டதாலதான் நான் இதெல்லாம் செய்யறேன். பூட்ட எடும்மா."

மெக்கானிக் மகளைப் பார்த்தார். இனி அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, அவள்தான் சொல்ல வேண்டும். குண்டூசி கம்பியில் முகத்தை வைத்து, போனைப் பார்த்துப் பேசினாள்.

"டாக்டரம்மா, நான்தான். முடியல. அவன் இங்கதான் இருக்கான், என் பக்கத்துல."

"உங்கிட்ட சொல்லத் தைரியம் வரலம்மா," என்றார் டாக்டரம்மா. "நீ தினமும் போன் பண்ணி, சாப்பிட்டான், ஏறினான்னு சொல்லச் சொல்ல எனக்கு... என் பையன் கேட்டான், சரின்னுட்டேன். என்னால பாக்க முடியாது. பதிமூணு வருஷம். பக்கத்துல நின்னு பாக்கற தெம்பு எனக்கு இல்ல."

"எனக்கும்தான் இல்ல. என்னை மட்டும் நிக்க வச்சிட்டுப் போயிட்டீங்களே." அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் வார்த்தை தடுமாறவில்லை. "பத்து நாள்னு பேசினோம். இன்னும் மூணு நாள் பாக்கி. மூணு நாளும் நான் பாத்துப்பேன், அதுக்குத்தான் சம்பளம். நீங்க வாங்க. அவன் தலைய உங்க மடியில வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் என்ன முடிவோ எடுங்க. அன்னிக்கு நானே பூட்ட எடுக்கறேன். இன்னிக்கு எடுக்க மாட்டேன். நீங்களே சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

பட்டாளத்துக்குக் கண் தெரியாவிட்டாலும் காது செத்துப்போகவில்லை. எஜமானி குரல் எங்கிருந்தோ வருவதைக் கேட்டு, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கதவருகே வந்து, வாலால் கிரில் தகட்டில் டம் டம்மென்று அடிக்க ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் டாக்டரம்மா.

"அவன்தான். உங்க குரல் கேட்டு வாலாட்டறான்."

அந்தத் தகட்டுச் சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. பிறகு போன் கட்டானது. சிக்னல் போயிற்றா, அவரே வைத்துவிட்டாரா, யாருக்கும் தெரியவில்லை. செக்ரட்டரி திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். இந்தத் தடவை மகனுக்கும் எடுக்கவில்லை.

கீழே காரைக் கிளப்பிக்கொண்டு நாய் டாக்டர் போய்விட்டார். செக்ரட்டரி போனைப் பையில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம் மெக்கானிக்."

"பாக்கலாம் சார்."

அவருடைய செருப்புச் சத்தம் கீழே போய் மறைந்தது. அதன்பின் மெக்கானிக் குனிந்து பையைத் துழாவினார். அவர் கட்டரைத்தான் எடுக்கிறார் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும், சட்டென்று எழுந்து நின்றார். மெக்கானிக் எடுத்தது இன்னொரு சிவப்புப் பூட்டு. மகளின் பூட்டுக்குப் பக்கத்திலேயே அதை மாட்டி அழுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, ஒன்பது மணிக்கு இவன வெளிய கூட்டிட்டுப் போகணும்."

"கூப்பிடு. வந்து திறக்கறேன்."

"காலைல அஞ்சு மணிக்கும் போவான்."

"அஞ்சு மணிக்கும் வரேன்."

அம்மா கிட்டே வந்து இரண்டு பூட்டுகளையும் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தை, ஆறு மாதத்துக்கு அப்புறம் நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்தீங்க. கோவம் எனக்கு இன்னும் போகல," என்றார். "ஆனா இன்னிக்கு மட்டும் வெட்டியிருந்தீங்கன்னா, அதுக்கப்புறம் உங்ககூட பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

மெக்கானிக் பையின் வாயை மூடப் போனார். அம்மா அதைக் காலால் தடுத்தார்.

"உள்ள இன்னொரு பூட்டு இருக்கா?"